ரோஜா நிறத் தண்ணீர்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, கண்ணில் பட்ட ஹோட்டலில் போய் உட்காரும் தமிழ்ப் பயணிக்கு முதல் அதிர்ச்சி தம்ளரில் காத்திருக்கிறது. தண்ணீர் ரோஜா நிறத்தில் இருக்கிறது. எதையோ கலந்துவிட்டார்கள் என்று அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘சாதா தண்ணி’ கேட்கிறார். பரிமாறுபவரும் சிரித்துக்கொண்டே குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கிறார். வெளியூரில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நிறம் பதிமுகத்தினுடையது. அந்த மரத்தின் சீவலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் இறங்கும் சாயம். ஒரு காலத்தில் துணிகளுக்குச் சாயம் ஏற்றவும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். ரத்தத்தைச் சுத்தப்படுத்தும், தாகத்தைத் தணிக்கும் என்றெல்லாம் கேரளத்தில் சொல்வார்கள். நம்பினாலும் பாதகமில்லை, நம்பாவிட்டாலும் பாதகமில்லை. பயணிக்குக் கிடைக்கும் நன்மை மரத்தால் அல்ல, அடுப்பால். தண்ணீர் கொதித்திருக்கிறது. சுக்கோ சீரகமோ போட்டுத் தரும் கடைகளிலும் விஷயம் அதுதான்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிட முடியாது. மதிய நேரக் கூட்டத்தில் ஆவி பறக்கும் தண்ணீரைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவித் தரும் கடைகளும் உண்டு. இது கூடாது என்று கேரள சுகாதாரத் துறை எச்சரித்தும் பழக்கம் விட்டபாடில்லை. நிறம் அப்படியே இருக்கும், காய்ச்சியதன் பலன் போய்விடும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமிக்கு அது போதும். 2024இல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில் குடிநீர் மூலம் இந்நோய் பரவி 200க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. கிருமி உள்ளே போய் 2 முதல் 6 வாரங்கள் கழித்துத்தான் கண் மஞ்சளாகும் என்பது இதில் உள்ள விஷமம். அதற்குள் பயணி ஊர் திரும்பி, எந்தத் தம்ளர் என்பதையே மறந்திருப்பார்.

ஆகவே தொட்டால் சுடுகிற தண்ணீரை வாங்கி, மேஜையிலேயே ஆறவிட்டுக் குடிப்பதுதான் சரி. ‘சூடு வெள்ளம்’ என்று கேட்டால் போதும். வெள்ளம் என்றதும் பதற வேண்டியதில்லை. நாகர்கோவில்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த ஊருக்கு வரும் தமிழர்கள் எல்லோரும் பத்மநாபசுவாமியையும் கோவளத்தையும் பார்க்க வருபவர்கள் அல்ல. தென்மாவட்டங்களிலிருந்து பலர் மருத்துவக் கல்லூரி வளாகத்துக்கு வருகிறார்கள். 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும் அங்கேதான். கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்துபோன நோயாளிக்குச் சாதாரண வயிற்றுப்போக்கே பெரிய ஆபத்து. அடுத்த சிகிச்சையும் தள்ளிப்போகும். துணைக்கு வந்தவர் படுத்துவிட்டால் வரிசையில் நிற்க ஆள் இல்லை. ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ், நறுக்கி வைத்த பழம், யார் வீட்டுத் தண்ணீரோ தெரியாத சம்பாரம் எல்லாம் அவர்களுக்கு வேண்டாத வேலை.

மாற்று ஒன்றும் விலை உயர்ந்ததல்ல. நம் ஊரில் கஞ்சி என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. ஹோட்டலில் கேட்கக் கூச்சப்படுவோம். இங்கே பயறும் பப்படமும் சேர்த்து மரியாதையாகப் பரிமாறுகிறார்கள். சூடாக வந்தால் அதைவிட நல்ல உணவு இல்லை. கூட வரும் பச்சைச் சம்மந்தியை மட்டும் நோயாளி தவிர்க்கலாம். குழலிலிருந்து நேராகத் தட்டில் விழும் புட்டு, அவித்த முட்டை, புழுங்கிய ஏத்தன் பழம் ஆகியவையும் அப்படியே.

நிறம் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் இன்னொரு சோதனை இருக்கிறது. மசால் தோசையின் உள்ளே பீட்ரூட் சிவப்பு. வேலையிழந்த காபி போர்டு தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் துணையோடு அமைத்த கூட்டுறவு அது. லாரி பேக்கர் கட்டிய வட்டக் கட்டிடத்தில் சரிவுப் பாதையில் சுற்றி ஏறியபடியே இடம் தேட வேண்டும். சூடான தோசை, சூடான காபி. பயப்பட ஒன்றுமில்லை.

ரயிலுக்குக் கட்டி வாங்கும் பொட்டலம்தான் கவலைக்குரியது. 2023இல் கேரள அரசு, பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை விதித்தது. பார்சல்களில் தயாரித்த நேரத்தையும், எதற்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கெடு 2 மணி நேரம். நாகர்கோவில் வழியாகச் சென்னை செல்லும் ரயில் அந்த ஊரைத் தாண்டுவதற்குள் அது ஏறக்குறைய முடிந்துவிடும். புறப்படும் முன்பே கஞ்சி குடித்துவிட்டு ஏறுபவர், தோல் உரிக்காத இரண்டு ஏத்தன் பழத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிடலாம்.