சிரிப்பு யாருக்கு?

கொடுங்கோலனைக் கேலி செய்தாலே அவன் அதிகாரம் சரிந்துவிடும் என்று எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். எனக்கு அதில் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. ஜெர்மன் எழுத்தாளர் தீமுர் வெர்மெஸுக்கும் இல்லை போலிருக்கிறது.

2012இல் வந்த அவருடைய நாவலில் ஹிட்லர் 2011ஆம் வருஷத்து பெர்லினில் கண் விழிக்கிறான். வேஷக்காரன் என்று நினைத்து டி.வி.யில் ஏற்றிவிடுகிறார்கள். அவன் பேசுவதெல்லாம் நிஜம். ஜனங்களுக்கோ அது ஜோக். புத்தகத்தின் விலைகூட 19.33 யூரோ. 1933தான் அவன் ஆட்சிக்கு வந்த வருஷம்.

2015இல் இதைப் படமாக எடுத்தபோது, ஹிட்லர் வேஷத்தோடு நடிகரை நிஜமான தெருக்களில் இறக்கிவிட்டார்கள். முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்மேல் இருந்த வெறுப்பை அவனிடமே கொட்டியவர்கள்! அவர்களுக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

படத்தில் நினைவு தப்பிப்போன ஒரு யூதக் கிழவி வருகிறாள். அவள்தான் அவனை அடையாளம் கண்டு வீட்டைவிட்டு விரட்டுகிறாள். அன்றைக்கும் ஜனங்கள் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள் என்பது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

சேரியைச் சொல்லி ஊர்க்காரன் சிரிக்கிற சிரிப்பு எப்போ கம்பா மாறும்னு எங்க அம்மாக்களுக்குத் தெரியும். அடிபட்டவ காதால கேட்டாத்தான் எது ஜோக், எது மிரட்டல்னு புரியும். வெர்மெஸின் நையாண்டி ஹிட்லர்மேல் மட்டுமில்லை தோழர்களே. சிரித்துக்கொண்டே அவன் கையில் மைக்கைக் கொடுத்தவர்கள்மேலும்தான்.