ஒரு ஆளின்ர 24 மணித்தியாலம்

விடியக் காலமை சுன்னாகம் சந்தை.
வெங்காயம் நிறுக்கிற அக்கா, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில இடுக்கிக்கொண்டு மகளை எழுப்புறா.

"எழும்பீட்டியோ? தேத்தண்ணி பிளாஸ்கில கிடக்கு. குடிச்சிட்டுப் படி."

மகளுக்கு இந்த முறை உயர்தரமாம்.
2009 வன்னிப் போரில மனுசன் போனாப் பிறகு எல்லாம் தான் ஒராள்தானாம்.
தராசில இருந்து கண் எடுக்காமல்தான் சொன்னவா.

வடக்கில இப்பிடி எத்தினை ஆயிரம் வீடுகள்!

நான் சந்தையில நிக்கேக்க, வீட்டில என்ர மனுசன் பிள்ளையளுக்குத் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் வெளிக்கிடுத்துறார்.
அப்பிடியிருந்தும் ராத்திரி எங்களுக்குள்ள சண்டை, ரியூசனுக்கு ஆர் ஏத்திக்கொண்டு போறது எண்டு.

அவாவுக்குச் சண்டை பிடிக்கவும் ஆளில்லை.

வெங்காயத்தோட வீட்ட வந்திட்டன். மனம் இன்னும் அங்கதான் நிக்குது.

அந்த அக்கா காய்ச்சலில படுத்தா, அண்டைக்கு அந்தப் பிளாஸ்கில ஆர் தேத்தண்ணி ஊத்துறது?