சிக்காகோவின் இரு பாதிகள்

சிக்காகோ நகரில் ஒரு பிள்ளை எந்த பேஸ்போல் அணியை ஆதரிக்கும் என்பதை அது பிறந்த வீதியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. வடபகுதி என்றால் கப்ஸ். தென்பகுதி என்றால் வைற் சொக்ஸ். மார்ச் மாத இறுதியில் புதிய பருவம் தொடங்கும்போதெல்லாம் இரு தரப்பினரும் 162 ஆட்டங்களுக்கான நம்பிக்கையைத் தூசு தட்டி எடுக்கின்றனர்.

முன்னோட்டக் கட்டுரைகள் வலியவனையே வாழ்த்தும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கண்டிருக்கிறேன். அந்த அளவுகோலின்படி கப்ஸின் கையே ஓங்கும். 2025இல் அவ்வணி 92 வெற்றிகளைப் பெற்றது. வைற் சொக்ஸோ 2024இல் 121 ஆட்டங்களில் தோற்றது. 1900இற்குப் பின்னர் எந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை தோல்விகளைக் கண்டதில்லை. 2025இல் மேலும் 102 தோல்விகள்.

ஆயினும் 1906ஐ மறத்தலாகாது. அவ்வாண்டு 116 வெற்றிகளுடன் உலகத் தொடருக்கு வந்த கப்ஸை வீழ்த்தியது, தன் லீக்கிலேயே மிகக் குறைந்த துடுப்பாட்டச் சராசரி கொண்டிருந்த இதே வைற் சொக்ஸ்தான். இரு அணிகளும் உலகத் தொடரில் மோதியது அந்த ஒருமுறையே. அதன்பின் காத்திருப்பு இருவருக்கும் பொதுவாயிற்று. 1908இல் வென்ற கப்ஸ் மீண்டும் வென்றது 2016இல். 1917இல் வென்ற வைற் சொக்ஸ் மீண்டும் வென்றது 2005இல்.

என் அனுதாபம் தென்பகுதிக்கே. பாப்பரசர் 14ஆம் லியோவும் வைற் சொக்ஸ் ரசிகர்தான். வெல்லும் அணியைக் கொண்டாட எவராலும் முடியும். 121 தோல்விகளின் பின்னரும் பிள்ளையின் கையைப் பற்றி மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் தந்தைக்குப் புள்ளிவிபரத்தில் இடமில்லை. அவருக்காகவேனும் இரு அணிகளின் கணக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்குவது நல்லது.