சிக்கிமுக்கிக்கு மழைக்காலச் சோதனை

சிக்கிமுக்கிப் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு தகர டப்பா. உடைந்த அரத்தின் துண்டு, கூரான விளிம்புள்ள வெங்கச்சங்கல், கரியாக்கிய பழைய வேட்டித்துணி, இவ்வளவுதான் உள்ளே இருக்கும். தீப்பெட்டி நனைந்துபோனால் தீ மூட்டுவதற்காகக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொள்வது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிப் பெட்டிக்கடைவரை குச்சி வந்து சேரும் முன், சுருட்டுப் பிடிக்கும் பெரியவர்கள் கல்லையும் இரும்பையும் மடியில் முடிந்து வைத்திருந்தார்கள். பொறியைப் பிடிக்க இலவம்பஞ்சோ, கூந்தற்பனையின் மட்டையடியில் சுரண்டியெடுத்த பஞ்சோ உதவியது.

பொறி கல்லிலிருந்து வருவதாகப் பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் எரிவது இரும்பு. எஃகைவிடக் கடினமான கல்லின் விளிம்பு அதிலிருந்து மிக நுண்ணிய துகளைச் சீவுகிறது. சீவிய வேகத்தில் சூடேறிய துகள் காற்றுப்பட்டதும் எரிகிறது. கம்பியும் ஆணியும் இதற்கு உதவாது, அவற்றில் கார்பன் குறைவு. அரம் பொருந்தும். ஆனால் அதன் பற்களைச் சாணைச் சக்கரத்தில் தேய்க்கும்போது நீலம் பாய்ந்துவிட்டால் துவைச்சல் போய்விடும். பிறகு எவ்வளவு தட்டினாலும் பொறி வராது. கல்லும் அப்படியே. ஓடையில் உருண்டு மழுங்கியது வெறும் கூழாங்கல். புதிதாக உடைத்த விளிம்புதான் சீவும்.

துணியைக் கரியாக்க, அதை ஆணித்துளையிட்ட டப்பாவில் அடைத்து நெருப்பில் வைத்து, துளையில் புகை அடங்கியதும் எடுக்க வேண்டும். ஆறும் முன் திறந்தால் காற்றுப் புகுந்து துணி சாம்பலாகும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

இந்தப் பெட்டியைச் சோதிக்கக் கல்வராயன் மலை பொருத்தமான இடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி ஏறத்தாழ 2,000 அடி முதல் 4,000 அடிவரை உயர்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை மேட்டில் இருப்பதால், மழைக்காலத்தில் மூடுபனி இறங்கி விறகு, துணி, கை எல்லாவற்றையும் ஈரமாக்கிவிடும். சித்திரை வெயிலில் காய்ந்த புல்லில் ஒரே தட்டில் பற்றுவது, கருவியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அந்தப் பருவத்தில் தீ மூட்டவே கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது கோடைக் காட்டுத்தீதான். எளிதாகப் பற்றும் காலத்தில் இந்தப் பெட்டி ஆபத்து. தேவைப்படும் காலத்தில் பற்ற மறுக்கும். ஆகவே சோதனைக்கு உரிய காலம் ஐப்பசி, கார்த்திகை. உரிய இடம், உரிமையாளர் சம்மதித்த பட்டா நிலத்தில் உள்ள வெறும் பாறை.

முதலில் மூடியைச் சோதிக்க வேண்டும். பெட்டியை ஓர் இரவு பனியில் வைத்து, காலையில் சிறிது நேரம் தண்ணீரில் முக்கி எடுத்தபின் தட்டிப் பார்ப்பது நல்லது. கரித்துணி காற்றின் ஈரத்தையே குடிக்கும் என்பதால் தோல்வி பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையத்தை மூடியைச் சுற்றி மாட்டினால் நிலைமை தேறும். அடுத்தது கை. நனைந்து விறைத்த விரல்களோடு, பழகாத கையாலும் தட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கி விழுந்தவனுக்கு எந்தக் கை மிஞ்சும் என்று முன்கூட்டியே தெரியாது. துணியைக் கல்லின் விளிம்பை ஒட்டி மேலே பெருவிரலால் அழுத்திப் பிடித்து, எஃகைச் சாய்வாக இழுத்துத் தட்டினால் பொறி துணியில் விழும். விழுந்த இடத்தில் சுடர் எழாது, சிவந்த வளையம் ஒன்று மெல்லப் பரவும்.

அந்தக் கங்கு சுடராவதுதான் கடினம். மழையில் தரையில் கிடக்கும் சுள்ளி பயன்படாது. நின்றபடியே பட்டுப்போன மூங்கிலைக் கொடுவாளால் பிளந்தால் உட்பக்கம் உலர்ந்திருக்கும். அதைச் சுரண்டிய சீவலைத் தேங்காய் நாரோடு கசக்கி, நடுவில் கங்கை வைத்து ஊத வேண்டும். மலையாளிப் பழங்குடியினர் காட்டுக்குப் போகும்போது இடுப்பில் வெட்டுக்கத்தி இருக்கும்; அது இல்லாத வெளியூர்க்காரருக்குப் பெட்டி மட்டும் போதாது.

ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற சீரியம்-இரும்புக் கலவைக் கல், நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசினால் மிகச் சூடான பொறியைக் கொட்டும். எரிவாயு தீர்ந்து குப்பைக்குப் போகும் லைட்டரில் இருப்பது அதே கல். கரித்துணியோடு அதையும் டப்பாவில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். பழைய முறைதான் சிறந்தது என்ற பிடிவாதம் ஈர மலையில் செல்லாது.

சோதனை முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, புறங்கையால் சூடு இல்லையென்று பார்த்தபிறகே இடத்தைவிட்டு நகர வேண்டும். அரத்துண்டில் தேங்காயெண்ணெய் தடவினால் துரு ஏறாது. எண்ணெய் துணியில் படாதபடி அதைத் தனியே சுற்றிவைக்க வேண்டும்.