வெள்ளோட்டம் பார்த்த தேர்தான் நிலை சேரும்

தேர்வு முடிவு வரும் நாளில் எலவனாசூர்கோட்டை கடைத்தெருவின் ஜெராக்ஸ் கடைகளிலும் இ-சேவை மையத்திலும் நிற்க இடம் இருக்காது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பதிவெண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். கல்லூரி விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், மதிப்பெண், மறுமதிப்பீடு, உதவித்தொகை எல்லாம் இன்று திரையில்தான் நடக்கின்றன. தாங்கள் பட்டம் வாங்கப்போகும் பல்கலைக்கழகத்தின் வாசலை இவர்களில் பலர் மிதித்ததே இல்லை. இவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் அந்த இணையதளம்தான். அது திறக்காத நாளில் பல்கலைக்கழகமே பூட்டிக் கிடக்கிறது என்றுதான் பொருள்.

பல்கலைக்கழகங்களின் கணினித் திட்டங்களைப் பற்றி என் வயதுக்காரன் பேச வந்ததற்குக் காரணம் இதுதான். கல்வி அலுவலகங்களில் கோப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். பேரேடுகள் போய்க் கணினி வந்த காலம் முழுவதையும் மேசையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். பார்த்ததில் மனதில் நின்றது ஒன்றே ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் நிறுத்தி, "சரியாகத்தான் போகிறதா?" என்று கேட்கும் உரிமை யாரிடமாவது இருக்க வேண்டும். அந்த உரிமையை யாருக்கும் கொடுக்காத திட்டம், எவ்வளவு விலை உயர்ந்த கணினி வாங்கினாலும் கெட்டுப்போகிறது.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். என் தலைமுறையில் இங்கிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கினோம். 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வேலூரில் அமைந்தபோது, அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கல்லூரிகள் அதன்கீழ் போயின. 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்தன. ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒரு பல்கலைக்கழகம், மகனுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று என்று ஆகிவிட்டது.

இப்படி மாறும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய கணினி வேலை பிறக்கிறது. மாணவர் பதிவேடு, பாடத்திட்டக் குறியீடு, அரியர் பட்டியல், அகமதிப்பெண், பழைய சான்றிதழைச் சரிபார்க்கும் ஏற்பாடு என எல்லாவற்றையும் யார் எடுத்துக் கொடுப்பது, யார் வாங்கிச் சரிபார்ப்பது, எந்த மாதத்துக்குள் முடிப்பது, யார் செலவில் முடிப்பது? சட்டம் ஒரு நாளில் நிறைவேறிவிடும். பதிவேடு ஒரு நாளில் இடம் மாறாது. இருபது வருடத்துக்கு முந்திய மதிப்பெண் சான்றிதழுக்கு இரண்டாம் படி கேட்டு அலைகிற ஒரு குடும்பத்தலைவரைக் கேட்டுப்பாருங்கள், இந்தக் கேள்விகளின் கனம் தெரியும்.

முன்கூட்டிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பைப் பல்கலைக்கழகம் இந்த நாட்டுக்கே பாடம். சென்னையைப் போலவே 1857-இல் பிறந்த பழம்பெரும் நிறுவனம் அது. 2017-இல் அங்கே விடைத்தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து, ஆசிரியர்கள் கணினித் திரையில் பார்த்து மதிப்பெண் இடுவது என்று முடிவெடுத்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். விடைத்தாள் கட்டுகள் ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை, கூட்டல் பிழை வராது, எந்தத் தாளை யார் திருத்தினார் என்பதற்கும் பதிவு இருக்கும். ஆனால் ஏறத்தாழ 17 லட்சம் விடைத்தாள்களை, எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் சேர்த்து, ஒரே பருவத்தில் அந்த முறைக்கு மாற்றினார்கள். தேர்வுகள் தொடங்கிய பிறகுதான் அந்த வேலைக்கான ஒப்பந்தமே முடிவானது. ஸ்கேன் வேலை பின்தங்கியது. ஆசிரியர்கள் புது முறைக்குப் பழகுவதற்குள் நாள் போனது. விடைத்தாள்கள் மாறிப்போயின, சில கிடைக்காமலும் போயின.

அதிகபட்சம் 45 நாட்களுக்குள் முடிவு வெளியிட வேண்டும் என்று மகாராஷ்டிரத்தின் பல்கலைக்கழகச் சட்டம் சொல்கிறது. வேந்தராக இருந்த ஆளுநர் வித்யாசாகர் ராவ் ஜூலை 31 என்று கெடு வைத்தார். கெடு தாண்டிப் போனது. முடிவுகள் செப்டம்பர் வரை இழுத்தன. மேற்படிப்புக்குச் சேர வேண்டிய பிள்ளைகள் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அதனால் எந்த மாணவனுக்கும் இழந்த மாதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. வேலை கெட்ட பிறகு தண்டிப்பதை மேற்பார்வை என்று சொல்ல முடியாது. மார்ச் மாதத்தில் ஒருவர் எழுந்து, "இந்தப் பருவத்தில் ஒரு பாடப்பிரிவில் மட்டும் பார்ப்போம், மற்றதைப் பேப்பரிலேயே திருத்துவோம்" என்று சொல்லி, அந்தச் சொல் எடுபட்டிருந்தால் அதுதான் மேற்பார்வை.

தமிழ்நாட்டிலும் இரண்டு அனுபவங்கள் இருக்கின்றன. முதலில் நல்லதைச் சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கு ஒரு காலத்தில் பிள்ளையும் பெற்றோரும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். உளுந்தூர்பேட்டையில் இரவு பஸ் ஏறி, விடியலில் கோயம்பேட்டில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். 2018-இல் அது இணையவழிக்கு மாறியது. கணினி இல்லாதவர்களுக்கு மாவட்டங்களில் உதவி மையங்கள் திறந்தார்கள். ஒதுக்கீட்டை முதலில் தற்காலிகமாகக் காட்டி, மாணவர் உறுதி செய்ய அவகாசம் கொடுத்த பிறகே இறுதி செய்தார்கள். கட்டணத்தை இணையத்தில் மட்டுமே கட்ட வேண்டும் என்பது நீதிமன்றம் வரை போய், டி.டி. எடுத்தும் கட்டலாம் என்று ஆனது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளையை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடுகள் இவை. அதனால்தான் அந்த மாற்றம் காலூன்றியது.

அடுத்தது 2021 பிப்ரவரியில் நடந்த செமஸ்டர் தேர்வு. கொரோனா காலம், நேரில் நடத்த வழியில்லை. அண்ணா பல்கலைக்கழகம் இணையவழியில் தேர்வு வைத்தது. மாணவன் முன்னால் இருக்கும் கேமரா வழியாக, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அவனைக் கண்காணிக்கும் ஏற்பாடு. முடிவுகள் வந்தபோது ஏராளமான மாணவர்களின் முடிவுகள் முறைகேட்டுச் சந்தேகத்தின் பேரில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. நெட் விட்டுவிட்டு வந்தது, தலை திரும்பியது, பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது, இதற்கெல்லாம் நாங்கள் திருடர்களா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த மே மாதம் உயர்கல்வித் துறை அமைச்சரான திருக்கோவிலூர் சட்டமன்ற உறுப்பினர் க. பொன்முடி, மறுதேர்வு நடத்தப்படும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார்.

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலையைத் தெரிந்த ஒருவர் அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்? வெள்ளிமலையைத் தாண்டிய பல ஊர்களில் சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும். ஒரே அறை வீட்டில் ஆடு கத்தும், குழந்தை அழும், பிள்ளை திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். தனி அறையும் சத்தமில்லாத வீடும் எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துத் தீட்டிய திட்டம் மலையடிவாரத்திலேயே நின்றுவிடும். ஆகவே எந்தத் திட்டக்குழுவிலும், அந்தத் திட்டத்தால் அதிகம் சிரமப்படக்கூடியவர்களின் குரல் இருக்க வேண்டும். அறிவாளிகளைக் கூட்டுவதுபோலவே அதுவும் முக்கியம்.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாததல்ல. கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் வெள்ளோட்டம் விடுவார்கள். சாமியை ஏற்றாமல், வீதி முழுக்க ஒரு சுற்று. அச்சு முனகுகிறதா, முடுக்கில் திரும்புமா, மேலே மின்கம்பி தட்டுமா என்று ஸ்தபதி முதல் வடம் பிடிப்பவர் வரை பார்ப்பார்கள். தேரோடும் நாளில் ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்துக்கு அருகில் முட்டுக்கட்டை வைத்துக்கொண்டு நடக்கும் சிலர் கையில்தான் அத்தனை பேர் உயிரும் இருக்கிறது. அவர்கள் கட்டை போட்டால் தேர் நின்றே ஆக வேண்டும், இழுப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி.

அலுவலகத்தில் கட்டை போடும் அந்த இடத்தில் நிற்கிறவரை நாம் மதிக்கிறோமா? நான் இருந்த ஒரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாணவர் விவரங்களை எல்லாம் புது மென்பொருளில் ஏற்றப்போகிறோம் என்று பெரிய அதிகாரிகள் பேசி முடித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஓர் இளநிலை உதவியாளர் அம்மா எழுந்து, "பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால் இருக்கிறது, சிலருக்கு அப்பா பெயரே முழுதாக இருக்கிறது. எதை ஏற்றுவது?" என்று கேட்டார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா, உட்காருங்க" என்று பதில் வந்தது. அந்த வருடம் பெயர் பொருந்தவில்லை என்று உதவித்தொகை நின்ற பிள்ளைகளின் விண்ணப்பங்கள் கட்டுக் கட்டாக வந்தபோது, அவற்றைத் திருத்தி உட்கார்ந்திருந்ததும் அதே அம்மாதான். அவர் கேட்டதற்கு அன்று அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும். மாதம் 1,000 ரூபாய் உதவியை நம்பிப் படிக்கும் பெண் பிள்ளைக்கு இனிஷியல் சின்ன விஷயமே இல்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் சம்பளப் பட்டியலுக்குப் புது மென்பொருள் போட முயன்று, ஏறத்தாழ 2.8 கோடி டாலர் செலவழித்த பின் 2006-இல் அதைக் கைவிட்டன. மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கைப் பிரிவு ஆராய்ந்தது. 2007-இல் சட்டம் வந்தது: 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட கணினித் திட்டங்களுக்குப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு எழுத்தில் விதிகள் வகுக்க வேண்டும், செலவும் காலமும் எங்கே நிற்கின்றன என்று வருடத்துக்கு இருமுறை சட்டமன்றக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அடுத்த மென்பொருள் 2011-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் 3 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டப்பட்டிருப்பதை 2013-இல் தணிக்கையாளர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள். திறப்பு விழாவோடு கண்காணிப்பு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

நம்மிடம் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. துணைவேந்தருக்கு மேல் சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழு இருக்கிறது, நிதிக்குழு இருக்கிறது, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கணக்கைப் பார்க்கிறது, டெண்டருக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கேள்வி கேட்க 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நம் கையிலேயே இருக்கிறது. ஆனால் டெண்டர் சட்டம் வாங்கும் முறை நேர்மையானதா என்றுதான் பார்க்கும். வாங்கியது மாணவனுக்கு உதவியதா என்று சிண்டிகேட் உறுப்பினர்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. இந்தத் திட்டத்துக்குப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் உண்டா, அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் யார்? ஒரு கல்லூரியில் ஒரு பருவம் நடத்திப் பார்த்தாயிற்றா? புதியது காலூன்றும் வரை பழைய முறையும் கூடவே ஓடுமா? பணம் கட்டம் கட்டமாக, வேலையைச் சரிபார்த்த பிறகுதான் போகிறதா? மாணவர் விவரங்கள் யாருடைய சொத்து, ஒப்பந்தம் முடிந்தால் முழுவதையும் திருப்பித் தருவார்களா? பாதுகாப்பை, மென்பொருளைச் செய்தவரே சோதிக்காமல், வெளியார் சோதித்தார்களா? ஐந்து வருடப் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கியிருக்கிறதா? வெளியில் வாங்குவதற்கு முன், டெல்லி பல்கலைக்கழகம் மத்தியக் கல்வி அமைச்சகத்துக்காக உருவாக்கிய 'சமர்த்' போன்ற பொது மென்பொருள் நமக்குப் பொருந்துமா என்று பார்த்தாயிற்றா? ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கினால் பாதிக் கஷ்டம் வாசலிலேயே நின்றுவிடும்.

வீடு கட்டுவதும் கல்யாணம் செய்வதும் கடன் வாங்குவதும்கூட இதே ஒழுங்கில்தான் நடக்க வேண்டும் என்று வயது எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆரம்பிக்கும் முன் யார் பொறுப்பு என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிறியதாகச் செய்து பாருங்கள். கெட்டுப்போகிறது என்று தெரிந்தால், போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடாமல் நிறுத்துங்கள். நிறுத்தச் சொன்னவரை விரோதியாக நினைக்காதீர்கள்.

தம்பி, தங்கச்சிகளே, உங்களில் சிலர் நாளை பதிவாளராகவும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராகவும் மென்பொருள் எழுதுபவராகவும் அந்த மேசைகளில் உட்காருவீர்கள். உங்கள் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினால், அவர் கேட்டு முடிக்கும் வரை கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே கடைசி வரிசையில் இருந்தால், கேட்கத் தயங்காதீர்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தைக் காப்பாற்ற உங்கள் ஒரு கேள்வி போதும்.