வரிசைக்கு இரண்டு நிறம்

மார்கழியில், பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் வெயில் ஏறும்வரை எல்லார் மேலும் ஸ்வெட்டர்தான். பலவற்றில் மார்புக்குக் குறுக்கே பட்டை பட்டையாகச் சிறு பூ, நட்சத்திரம், பெருக்கல் குறி. இவற்றின் பூர்வீகம் ஃபேர் ஐல். ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் நடுக்கடலில், ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு.

*

அந்தப் பின்னலுக்கு ஒரு சட்டம் உண்டு. மொத்தத்தில் எத்தனை நிறம் சேர்ந்தாலும் ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் வராது. ஒரு கண்ணிக்கு வேண்டாத நூல் பின்பக்கமாக ஓடும். அதனால் துணி இரட்டைக் கனமாகும். கடற்காற்றில் மீன்பிடிக்கப் போகிறவருக்கு அந்தக் கனம் வேண்டும்.

நிறம் வந்த வழி இன்னும் அழகு. ஷெட்லாந்துச் செம்மறி சிறியது. மரமில்லாத மேட்டில் மேய்ந்து, கரைக்கு இறங்கிக் கடற்பாசியும் தின்னும். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு எல்லாம் அதன் ரோமத்திலேயே இருக்கின்றன. செம்பழுப்புக்கு ‘மூரிட்’, அடர்சாம்பலுக்கு ‘ஷேலா’ என்று தீவுக்காரர்களின் பெயர்கள். தீவு ஆட்டின் முதுகிலேறி ஸ்வெட்டருக்கு வந்திருக்கிறது.

ஷெட்லாந்தைச் சேர்ந்த அன்ஸ்ட் தீவின் மெல்லிய சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம். அலைத்தடம் என்றே அங்கே ஒரு பின்னல் இருக்கிறது.

*

1588-ல் ‘எல் கிரான் கிரிஃபோன்’ என்ற ஸ்பானியக் கப்பல் ஃபேர் ஐலில் மோதி உடைந்தது. கரையேறிய மாலுமிகள்தான் இந்த வேலைப்பாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள் என்றொரு கதை. ஆதாரமில்லை. பெண்களின் கைத்திறனுக்கு எங்கிருந்தோ ஓர் ஆண் வாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்தும் இந்தப் பழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது.

முதுகில் அடுப்புக்கான சதுப்புக்கரிக் கூடையைச் சுமந்தபடி, நடந்துகொண்டே பின்னியவர்கள் ஷெட்லாந்துப் பெண்கள். வியாபாரிகள் கூலியைப் பணமாகத் தராமல் தேயிலையாகவும் துணியாகவும் கொடுத்தார்கள். 1872-ல் அதை விசாரிக்க அரசு ஆணையமே வந்தது. 1922-ல் அன்றைய வேல்ஸ் இளவரசர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்கு ஃபேர் ஐல் ஸ்வெட்டரோடு வந்தார். அதற்குப் பிறகு ஊரெல்லாம் இதுவே மோஸ்தர்.

*

நமக்குப் பக்கத்தில் நீலகிரி. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்வது இழையை எண்ணித்தான். முன்கூட்டி வரைவதில்லை. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தீவும் மலையும் வேறு வேறு; கணக்கு ஒன்று.

*

சந்தாபுராவுக்கு அருகே ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரை. கிராமங்கள் இழுத்துவரும் தேர்கள் அடுக்கடுக்காக எழும்; 100 அடியைத் தாண்டியதும் உண்டு. அவற்றில் ஒன்றைப் பின்னுவதற்காகக் கட்டத்தாளில் போட்டிருக்கிறேன். வரிசைக்கு இரண்டு நிறம் என்றதும் கொடியும் மாலையும் உதிர்ந்து, குறுகிக்கொண்டே போகும் அடுக்குகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஹுஸ்கூரை அறிந்தவருக்கு அது போதும்.

பின்னத் தெரிந்தவர்கள் உங்கள் ஊர்த் தேரை, ஏரிக்கரையை இப்படிக் கட்டத்தில் இறக்கிப் பாருங்கள். பின்னி முடித்ததும் உட்புறம் ஊர்ப்பெயரையும் உங்கள் பெயரையும் தைத்துவிடுங்கள்.