வெள்ளைக்கல் மேட்டுல புல் முளைக்குமா?

சேலம் ஜங்ஷன்ல சென்னை ரயில் ஏறினா, செல்போனைக் கொஞ்ச நேரம் பாக்கெட்ல போட்டுட்டு அடுத்த ஸ்டேஷன் பேரைப் படிங்க: மேக்னசைட் ஜங்ஷன். ஒரு கல்லோட பேர்ல ஸ்டேஷன்! பின்னாடி சேர்வராயன் மலை பச்சையா நிக்கும். முன்னாடி வெள்ளையும் சாம்பலுமா மேடுகள். வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் 'உப்பளமாடா?'னு கேப்பாங்க. வெள்ளைக்காரங்க 'சாக் ஹில்ஸ்'னாங்க. ஆனா அது சாக்பீஸும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல, மக்னீசியம் கார்பனேட். ஊர்ல சொல்றது வெள்ளைக்கல்.

இதை 1,500 டிகிரிக்கு மேல சுட்டு, ஸ்டீல் உலைக்குள்ள பதிக்கிற செங்கல் செய்றாங்க. 1979-ல ஆரம்பிச்ச அரசு நிறுவனமான டான்மேக்கும் இங்கதான் தோண்டுச்சு. கரும்பாறைக்குள்ள நரம்பு மாதிரி ஓடுற கல் இது. நரம்பை உருவணும்னா உடம்பையே அறுக்கணும். அப்படி அறுத்துக் கொட்டினதுதான் நீங்க பார்க்குற மேடுகள்.

'மரக்கன்று நட்டா முடிஞ்சுதே'ங்கறீங்களா? அந்தக் கழிவுல மக்னீசியம் அதிகம், கால்சியம் கம்மி, கூடவே நிக்கலும் குரோமியமும். மழைத் தண்ணி நிக்காம வழிஞ்சு ஓடிடும். நெய்வேலியில நிலக்கரிக்காகத் தோண்டின மண்ணுல மரம் வளர்த்துக் காட்டிருக்காங்க. அங்க கொட்டினது மணலும் களிமண்ணும். இங்க உடைஞ்ச பாறை.

அதனாலதான் தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியா எடுத்து வைக்கணும்னு விதி இருக்கு. விதை, வேர், நுண்ணுயிர் எல்லாம் அந்த ஒரு அடி மண்ணுலதான். 2020 ஜனவரி 8-ல சுப்ரீம் கோர்ட் இன்னொண்ணும் சொல்லுச்சு: சுரங்க வேலை முடிஞ்ச நிலத்துல புல் வளர்த்து, செடி கொடி, விலங்குகள் வாழுற மாதிரி ஆக்கணும். மரம்னு சொல்லல பாருங்க, புல்! எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை அது. புல் வந்தா மண் அரிப்பு நிக்கும், பூச்சி வரும், பின்னாடியே கௌதாரி, முயல். நம்ம வறண்ட காட்டு ஆவாரையும் விராலியும் அப்புறம் கால் ஊனலாம். ஒரே ஜாதி மரத்தை வரிசையா நட்டா போட்டோவுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல். எங்க சிவில் பசங்க குழி விளிம்பைப் பார்த்ததும் 'ஸ்லோப் ஸ்டெபிலிட்டி'னு ஆரம்பிப்பாங்க. ஆளும் மாடும் விழாம இருக்க, சரிவைத் தணிக்கணும், சரிதான். ஆனா கொம்பன் ஆந்தை முட்டை வைக்கிறது இந்த மாதிரி செங்குத்துப் பாறை இடுக்குலதான். மழைத்தண்ணி நிக்கிற குழிக்கு மீன்கொத்தியும் வரும். மொத்தத்தையும் நிரவிட்டா அதுங்க எங்க போகும்? கொஞ்சம் சுவரை வேலி போட்டு அப்படியே விடலாம்ங்கறது என் கட்சி.

அடுத்த தடவை அந்த மேட்டுல பச்சை தெரிஞ்சா, என்ன செடினு உத்துப் பாருங்க. சீமைக்கருவேலமும் ரயில்ல இருந்து பார்த்தா காடு மாதிரிதான் தெரியும்.